துணிக்குள் உட்கார்ந்த தாய்

பூனையைக்கூடப் படம் எடுத்துவிடலாம் ஐயா, எட்டு மாதக் குழந்தையை எடுப்பது அவ்வளவு லேசில்லை. பூனை வெயில் பட்ட இடத்தில் சுருண்டு கொள்ளும். குழந்தை காலை உதைக்கும், தலையைத் திருப்பும், கொட்டாவி விடும். லென்ஸ் மூடியைக் கழற்றி நான் எண்ணி முடிப்பதற்குள் கொஞ்சம் அசைந்தாலே போதும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ விழுந்திருக்கும். தாய்மார் அதைப் பார்த்து அழுவார்கள். அழுதுவிட்டு அடுத்த தெருப் படக்காரனிடம் போய்விடுவார்கள்.

என்னிடம் வந்தவர்கள் அப்படிப் போனதில்லை. ரோச்டேலில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கைக்குழந்தை என்றால் ஜோசையா கிளெக்கிடம் கொண்டு போ என்பார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பெருமைப்படுகிற நிலையிலா இருக்கிறேன்? நீங்கள் எழுதிக்கொள்வது ஒழுங்காக இருக்க வேண்டும், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். எந்தப் பிள்ளைக்கும் நான் கேடு நினைத்தவன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தையைத் தனியாக நாற்காலியில் விட முடியாது. அதனால் தாயை உட்கார வைத்து, தலை முதல் கால் வரை பூப்போட்ட திரைத்துணியால் மூடிவிடுவோம். பிள்ளையை அந்தத் துணிக்கு மேலே மடியில் வைப்போம். அவள் உள்ளிருந்து துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். படத்தில் தாய் தெரியமாட்டாள், பிள்ளை மட்டும் மெத்தைமேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். எல்லாப் படக்காரர்களும் செய்வதுதான்.

நான் கூடுதலாக ஒன்று செய்தேன். தாய் துணிக்குள் போனபிறகு, பிள்ளையின் வாயில் ஒரு ஸ்பூன் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவேன். சர்க்கரைத் தண்ணீர் என்றுதான் தாய்மாரிடம் சொல்வேன். சர்க்கரை இருந்தது, பொய்யில்லை. அபின் பாகும் இருந்தது. மருந்துக்கடையில் யார் கேட்டாலும் கொடுப்பார்கள். ஆலைக்குப் போகும் பெண்கள் பாதிப்பேர் பிள்ளையை அதைக் கொடுத்துத்தான் தூங்கவைத்துவிட்டுப் போகிறார்கள். அப்படியென்றால் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால், என் கைவாகு என்று ஊரே மெச்சியது போத்தலின் கைவாகு ஆகிப்போயிருக்கும். வேறு காரணம் இல்லை. சொல்லவே நாக்குக் கூசுகிறது.

ஆலைகள் மூடியிருக்கும் திருவிழா வாரம் அது. ஊரே நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு தெருவில் திரியும். ஆட்டம், ராட்டினம், பட்டாணிச் சுண்டல் எல்லாம் முடிந்தால் அடுத்தது படம் எடுத்துக்கொள்வதுதான். என் மாடிப்படியில் வரிசை தெரு வரைக்கும் நின்றது.

"கிளெக், சட்டுனு முடிய்யா. இது மச்சான் கோட்டு. சாயங்காலம் அவன் போட்டுக்கிட்டு வெளிய போகணுமாம்" என்றான் ஒரு நூற்பாலைக்காரன்.

"கோட்டுதான் படத்துல விழும், மச்சான் விழ மாட்டான். வாயை மூடிட்டு வரிசையில நில்லு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று காலையில் நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன்.

டார்கஸ் ஆஷ்வர்த் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தறி ஓட்டுபவள். அவள் கணவன் கனடாவில் மரம் வெட்டப் போனவன், போன பிறகுதான் பிள்ளை பிறந்தது. பிள்ளையின் பெயர் ஏமஸ்.

"இவங்கப்பா இவன் மூஞ்சியையே பாத்ததில்ல, மிஸ்டர் கிளெக். மூக்கு அப்படியே அவரு மூக்கு. அது மட்டும் நல்லா விழுந்துடணும்."

"மூக்கு எங்கயும் ஓடிப்போயிடாது. நீ ஆளை அசையாமப் பிடிச்சுக்கோ, போதும்."

"எங்க அடங்கறான்? பல்லு முளைக்குதுன்னு விடியக்காலையிலயே அரை ஸ்பூன் தூக்க மருந்து குடுத்துட்டேன். அப்பவும் பாருங்க ஆட்டத்தை."

அவள் சொன்னது என் காதில் விழவில்லை என்று பிறகு சத்தியம் செய்தேன். விழுந்தது. தெளிவாகவே விழுந்தது.

அவளை உட்கார வைத்துத் துணியைப் போர்த்தினேன். பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தேன். முதல் படத்தில் தலையை ஆட்டிவிட்டான். இன்னொரு ஸ்பூன் கொடுத்தேன். இரண்டாவதில் கையைத் தூக்கினான். வெளியே பொறுமை போய்விட்டது. "உள்ள என்னய்யா பண்றீங்க, பிள்ளைக்குக் கல்யாணம் முடிச்சுத்தான் அனுப்புவீங்களா?" என்று எவனோ கத்தினான். டார்கஸ் துணிக்குள் சிரித்தாள். துணி குலுங்கியது. எனக்கு எரிச்சலாக வந்தது. மூன்றாவது ஸ்பூனையும் ஊற்றினேன்.

எங்கள் தொழிலில் கண்ணாடித் தட்டின் மேல் மருந்து பூசி, அந்த ஈரம் காயும் முன்னே படம் எடுத்து, உடனே இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். காய்ந்தால் தட்டு பாழ். மூன்றாவது தட்டைப் பூசிக்கொண்டு வந்தபோது ஏமஸின் தலை அவள் தோள் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கை விரித்தபடி கிடந்தது.

"தூங்கிட்டானா?" என்று துணிக்குள்ளிருந்து கேட்டாள்.

"தூங்கிட்டான். நீ அசையாத."

எடுத்தேன். எடுத்து முடித்ததும், இன்னொன்று தேவைப்படலாம், அப்படியே இரு என்று சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போனேன். அவள் துணிக்குள் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது கதவு வழியாகக் கேட்டது. பிள்ளை விழித்துவிடக் கூடாதென்று பாடியிருப்பாள். நான் தட்டைக் கழுவினேன். மூக்கு விழுந்திருந்தது. இமை முடி ஒவ்வொன்றும் விழுந்திருந்தது. அப்படியொரு படம் என் கையில் அதற்கு முன் வந்ததே இல்லை.

வெளியே வந்து, அவள் துணியை விலக்கும் முன்னே பிள்ளையை நானே தூக்கிச் சால்வையில் சுற்றினேன். வெயில் படும் என்று முகத்தையும் மூடினேன். "எழுப்பிடாத. வீட்டுக்குப் போய்த் தொட்டில்ல போட்டுடு" என்றேன். படி இறங்கும்போது அவள் எல்லோரையும் பார்த்து உதட்டில் விரல் வைத்துச் சத்தம் போடாதீர்கள் என்று ஜாடை காட்டினாள். கத்திக்கொண்டிருந்தவர்கள்கூட வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

சாயங்காலம் பிள்ளையை எழுப்பப் போனபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மரண விசாரணை பக்கத்துச் சாராயக் கடையின் மாடியில் நடந்தது. வயிற்றில் அபின் இருப்பதாக டாக்டர் சொன்னார். அவள் வீட்டு அலமாரியில் அபின் பாகுப் போத்தல் இருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். படத்தைக் கொண்டு போனேன். கேட்பதற்கு முன்பே, எல்லாப் படத்துக்கும் செய்வது போல, கன்னத்தில் லேசாகச் சிவப்பு பூசி வைத்திருந்தேன். ஜூரிகள் அதைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான கசாப்புக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளை உங்ககிட்டேருந்து போகும்போது எப்படி இருந்தான்?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"படத்துல பாக்கறீங்களே ஐயா, அப்படித்தான். நல்லாத் தூங்கிட்டிருந்தான்."

கன்னம் சிவந்த பிள்ளை. அப்படியானால் நடந்தது எதுவும் அதற்குப் பிறகு, அவள் வீட்டில் நடந்ததாகத்தானே இருக்க வேண்டும்? "நான் காலையில அரை ஸ்பூன்தான் குடுத்தேன், அப்புறம் தொடவே இல்ல" என்று டார்கஸ் கதறினாள். "எல்லாரும் அரை ஸ்பூன்னுதான் சொல்றாங்க" என்றார் கசாப்புக்காரர். அவளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்படியே இருந்தும் விட்டிருப்பேன். இன்று காலை டார்கஸின் பக்கத்து வீட்டு மார்த்தா வந்தாள். சிறையில் அவளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"மான்செஸ்டர்ல நீதிபதி கேட்டா குற்றத்தை ஒத்துக்கப் போறாளாம். எனக்கே தெரியாம ரெண்டாந்தரம் குடுத்துட்டேன் போலிருக்குன்னு அவளே சொல்ல ஆரம்பிச்சுட்டா. உங்களைத் திட்டலீங்க. கடைசியா அவனை நிம்மதியாத் தூங்கவச்சது கிளெக்தான், அந்தப் படத்துல ஒண்ணு கிடைக்குமான்னு கேக்கறா."

வெட்கத்தால் மார்த்தாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொடுக்கிறேன் என்றேன். அவள் போனதும் நேராக உங்கள் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். நான் சால்வையில் சுற்றிக் கொடுத்தபோது ஏமஸ் செத்துப்போயிருந்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் முகத்தை மூடினேன். எல்லாம் முடிந்துபோயிற்று, யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று இத்தனை நாளும் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். அதுவும் உண்மையில்லை. என் கூடத்துக்கு நேர்கீழே ஒரு டாக்டர் குடியிருக்கிறார். தரையைத் தட்டினால் வந்துவிடுவார்.

மூன்றாவது தட்டைப் படப்பெட்டிக்குள் வைத்தபோது பிள்ளைக்கு உயிர் இருந்தது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு வரும், பிறகு வெகுநேரம் ஒன்றும் இருக்காது, பிறகு இன்னொன்று வரும். அவன் மார்பு எழும்பும்போது சட்டையின் ஓரமும் எழும்பியது. படத்துக்கு அது ஆகாது. தட்டோ காய்ந்துகொண்டிருந்தது. அதனால் ஒரு மூச்சு வந்து அடங்கும்வரை காத்திருந்து, அது அடங்கியதும் லென்ஸ் மூடியைக் கழற்றி எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடக் கூடாதே என்று ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டேன். வரவில்லை. நன்றி சொன்னேன்.