நடுவில் கோழி எதற்கு?

ஒரகடம் தொழிலாளர் விடுதியில் மெஸ் நடத்திய செல்லக்கனி அம்மையார் போன வாரம் காலமானார். மேடையில் வீற்றிருக்கும் விடுதி உரிமையாளர் பகலவன் அவர்களே, அம்மையாரின் மகள் முத்துச்செல்வி அவர்களே, ஷிப்ட் முடிந்த களைப்போடு வந்திருக்கும் தம்பிமார்களே! கோழி வியாபாரி யாக்கோபின் வணக்கம்.

மரக்கறிச் சோறு போட்டவருக்குக் கோழிக்காரன் இரங்கல் பேசலாமா? பேசலாம். என் வியாபாரத்தை அந்த அம்மா அளவுக்கு யாரும் கெடுத்ததில்லை! அந்த மெஸ்ஸைக் காலி செய்து பிரியாணிக் கடைக்கு விடப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் மைக்கைப் பிடித்தேன்.

நாகர்கோவிலிலிருந்து வந்த புதிதில் ‘சோறும் மூன்று கறியும்’ என்று போர்டு மாட்டினார். நம்ம பக்கம் கறி என்றால் ஆடு, கோழி. வாசலில் தள்ளுமுள்ளு! தட்டைப் பார்த்தால் பூசணி, மொச்சை, கீரை.

“இன்னாம்மா, கறி எங்க?” என்று கத்தினார் குன்றத்தூர் அண்ணாதுரை.

“பின்ன இது என்னது மக்கா? பூசணிக்காய்க் கறி, மொச்சக் கறி, கீரைக் கறி. எண்ணிப் பாரு!”

திட்டிக்கொண்டே தின்றவர் மறுசோறு கேட்டார்.

நான் நியாயம் கேட்கப் போனேன். “கோழித் தீனி எங்கேயோ வெளஞ்சு லாரி ஏறி வருது. அது வெளயறதுக்கு ஒரு தண்ணி, கோழி குடிக்க ஒரு தண்ணி. மொச்சய நேரா நாமளே தின்னா, நடுவுல கோழி எதுக்கு, யாக்கோபு எதுக்கு?” என்றார் அம்மா. கோழியையே தரகராக்கிவிட்டார்!

பின்னாலிருக்கும் ஏரியில் அவர் மெஸ் எலும்பு ஒன்று விழுந்ததுண்டா? காய்கறித் தோலும் தண்டும் மணிமங்கலத்து மாடுகளுக்குப் போயின. பிரியாணிக் கழிவு எங்கே போகும்? கோழி விற்பவன் நான், எனக்குத் தெரியாதா? என் போர்வெல் அந்த ஏரியை நம்பித்தான் இருக்கிறது. பகலவன் அண்ணே, உங்கள் விடுதியின் போர்வெல்லும்தான்! தண்ணீர் நாறினால் உங்கள் ரூமுக்கு வாடகை கொடுத்து யார் வருவார்?

என்ன முணுமுணுக்கிறீர்கள் அண்ணே? “எழவுக் கூட்டத்துல வாடகை பேசிக்கினு கீறியே”யா? பேசுவேன்! உயிரோடிருந்தால் அந்த அம்மாவே பேசியிருப்பார்.

அண்ணன் தலையாட்டிவிட்டார்! எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா? அப்படியானால் பேச்சு இதுதான்: மெஸ் முத்துச்செல்விக்கு, ஐந்து வருஷத்துக்கு. வாடகை பழையபடியே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோழி. கொடுப்பது நான், கழிவை அன்றைக்கே அள்ளிப் போவதும் நான்.