காத்தாயி கேட்ட ரெண்டாவது கேள்வி

ரயிலு எங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்காத காலம். ஓடக்கரைன்னு ஒரு ஊரு. வேற எது, நம்ம ஊருதான். அந்த ஊருல காத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் செத்த பொறவு துறைமுகத்துல ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டுக்குப் பிள்ளை வளக்கப் போனவ. பன்னெண்டு வருசம் இருந்தா. பிள்ளைங்க பேசப் பேச இவளுக்கும் இங்கிலீசு வந்துருச்சு.

ஒரு வருசம் மழையே இல்ல. அரிசியைக் கண்ணால பாத்தே நாளாச்சு. அப்ப ஊருக்குள்ள ஒரு கங்காணி வந்தானாம். கப்பலுக்கு ஆள் புடிக்கிறவன். கப்பல்னு சொன்னானா? சொல்லலையே! "ரோடு போடுற வேலை, மூணு மாசம், வயிறாரச் சோறு"ன்னான். முப்பத்தேழு ஆம்பளைங்க கெளம்பிட்டாங்க. காத்தாயியோட தம்பி ஐயாறும் அதுல ஒருத்தன். அவனுக்குக் கல்யாணமாகி நாலு மாசம்.

துறைமுகத்துக் கொட்டகையில அடைச்ச பொறவுதான் தெரியுது, கடல் தாண்டிக் கரும்புத் தோட்டத்துக்குன்னு. அழுது பொரண்டாங்களாம். கங்காணி என்ன சொன்னான்? "எதுத்துப் பேசினா துரை தோலை உரிச்சுருவாரு. எதைக் கேட்டாலும் ஆமாங்க சாமின்னு சொல்லுங்க"ன்னான். பாவிப்பய! நம்ம ஆளுங்களுக்கு அதைச் சொல்லித்தான் தரணுமா? பண்ணையார் முன்னால வாயைப் பொத்தி நின்னு நின்னு, இல்லைங்கிற சொல்லே தொண்டையில வராது.

கப்பலேத்துறதுக்கு முன்னால, "விருப்பப்பட்டுத்தான் போறியா"ன்னு ஒவ்வொருத்தனையும் கேக்கணும். அது சட்டம். கேக்குற துரைக்குத் தமிழ் தெரியாது. பேச்சை மாத்திச் சொல்ற ஆளுக்கு அன்னைக்குன்னு காலரா. அதனால அந்தத் துறைமுகத்துலயே பிள்ளை வளத்துக்கிட்டு இருந்த காத்தாயியைக் கூட்டியாந்தாங்களாம். "சொன்னதைச் சொன்னபடி சொல்லணும். கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது"ன்னு சத்தியம் வாங்கினாங்க. அவளும் செஞ்சு குடுத்துட்டா.

உள்ள போனா, வரிசையில நிக்கிறது பூரா அவ ஊரு சனம்.

"விருப்பப்பட்டுப் போறியா?"

"ஆமாங்க சாமி."

இவ "எஸ்"ங்கிறா. அடுத்தவன் வாரான். "ஆமாங்க சாமி." இவ "எஸ்"ங்கிறா. "நோ"ன்னு பொய் சொல்லலாம்தான். ஆனா பக்கத்துல குமாஸ்தா உக்காந்திருக்கான், அவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். இவ பொய் சொன்னா இவளைத் தள்ளிட்டுக் கங்காணியோட ஆளு வந்து உக்காருவான். அப்புறம் யாரு இருக்கா இந்தச் சனத்துக்கு?

பதினாலாவதா ஐயாறு வந்தான். அக்காவைப் பாத்ததும் மொகம் மலர்ந்துச்சாம். அக்கா இருக்கா, பாத்துக்குவான்னு நெனச்சான் போல.

"இல்லைன்னு சொல்லுடா தம்பி"ன்னு இவ மெதுவாச் சொன்னா. துரை மேசையைத் தட்டினான். அந்தச் சத்தத்துல ஐயாறு வாயைப் பொத்திக்கிட்டு, "ஆமாங்க சாமி"ன்னான்.

காத்தாயி "எஸ்"ன்னா. தன் வாயாலயே சொன்னா. அவனைப் படகுக்குத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க.

அடுத்து தொப்ளான்னு ஒரு வயசாளி. துரை மொதல்ல பேரு கேட்டான். அந்த மனுசன் துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, "ஆமாங்க சாமி"ங்கிறாரு.

அப்பத்தான் காத்தாயிக்குப் பொறி தட்டுச்சு. "துரை, ஒன்னே ஒன்னு. 'ஊருக்குத் திரும்பிப் போறியா'ன்னு இவரைக் கேளுங்க. கேட்டுட்டு என்னைக் கொன்னாலும் சரி"ன்னு கையெடுத்துக் கும்புட்டா. துரை கேட்டான்.

"ஆமாங்க சாமி."

"'கடல் தாண்டிப் போறியா'ன்னும் கேளுங்க."

"ஆமாங்க சாமி."

துரை பேனாவைக் கீழ வெச்சான். "இதுல எது இவன் பதில்?"னான்.

"ரெண்டும் இல்ல துரை. அது பதிலே இல்ல, பயம். நான் இம்மாம் நேரம் உங்களுக்குப் பயத்தைத்தான் மாத்திச் சொல்லிக்கிட்டு இருந்தேன்"னு சொல்லி ஓன்னு அழுதாளாம்.

அதுக்கு மேல எல்லாருக்கும் ரெண்டு கேள்வி. ரெண்டுக்கும் ஆமான்னவனைக் கப்பலேத்தக் கூடாதுன்னுட்டான் துரை. மிச்சமிருந்த இருபத்துமூணு பேரும் வீடு வந்து சேந்தாங்க. முன்னாலயே ஏத்தின பதினாலு பேரைச் சொமந்த படகு மட்டும் அதுக்குள்ள அலை தாண்டிப் போயிருச்சு. காத்தாயி கழுத்தளவு தண்ணி வரைக்கும் ஓடினா. "ஐயாறு, ஐயாறு"ன்னு கத்தினா. கத்தி என்ன ஆகும்? கப்பல் நிக்குமா? அவன் திரும்பி வரவே இல்ல. ஊருக்குத் திரும்பின காத்தாயி, தம்பி பொண்டாட்டியை நேருக்கு நேரா பாக்க முடியாம கடைசி வரைக்கும் குனிஞ்ச தலையோடதான் இந்த ஊருல நடந்தாளாம்.

அன்னையிலேருந்து நம்ம ஊருல எதையும் ரெண்டு தடவை கேக்கணும். பொண்ணுக்கிட்ட "கட்டிக்கிறியா"ன்னு கேட்டா, அடுத்தாப்புல "வேணாம்னு விட்டுரலாமா"ன்னும் கேக்கணும். ரெண்டுக்கும் ஆமான்னா, தட்டை மாத்தக் கூடாது. அந்த ரெண்டாவது கேள்விக்குப் பேருதான் காத்தாயி கேள்வி. வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும். போன ஆவணியில வடக்குத் தெரு ராசாங்கம் மவளுக்குப் பரிசம் போட வந்தாங்க. அந்தப் பொண்ணு ரெண்டுக்கும் ஆமான்னு தலைய ஆட்டுச்சு. ராசாங்கம் தட்டைத் திருப்பிக் குடுத்துட்டான். வந்தவங்க ஏசிக்கிட்டே போனாங்க. அவன் மவ பக்கத்துல போயி உக்காந்து, "இப்பச் சொல்லு தாயி, யாருக்குப் பயப்படுற?"ன்னு கேட்டான்.