வளைஞ்சு வந்த ரோடு

நல்லா தொறங்க அண்ணே. இன்னும். நகரசபையில தொறக்குற வாய்தானே, தங்கச்சி கேட்டா மட்டும் என்ன கஞ்சத்தனம்? ஆங், அப்படியே இருங்க.

வலது பக்கம் போட்டாச்சு, இடது பக்கம் எதுக்கு ஊசின்னா கேக்குறீங்க? டாக்டர் நீங்களா நானா? பேசாதீங்க, குத்திக்கும். நீ எடுத்துக் குடும்மா. ரெண்டாவதுதான், தெரிஞ்சுதான் கேக்குறேன், எடு. இவ இப்படித்தான் அண்ணே, எதையும் ரெண்டு வாட்டி கேப்பா. நல்ல நர்ஸ்தான். என் வீட்டுக்குப் பின்னாடி ஓடுற வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு.

அவ்வளவுதான், முடிஞ்சுது. மூணு மணிக்குத்தானே கூட்டம்? மரத்துப் போற வரைக்கும் நான் பேசுறேன், நீங்க கேளுங்க. நம்ம வீட்டுல இப்படி ஒரு நாள் வந்ததே இல்ல.

தலையைத் திருப்பாதீங்க. ஜன்னல்ல என்ன தெரியுதுன்னு நானே சொல்றேன். நீங்க போட்ட ரோடு நாலு வண்டி அகலத்துல ஜம்முனு வந்து, என் காம்பவுண்டு சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குது. நடுவுல போட்ட வெள்ளைக் கோடு என் வாசப்படியில முடியுது. வழி தெரியாம வர்றவன்லாம் பிரேக்கைப் போட்டு, என்னைத் திட்டிட்டுத் திரும்புறான். காசு தீந்துபோச்சுன்னு பாதியில விட்டவங்களை ஒருத்தனும் திட்டுறதில்ல.

மொதப் பிளான்ல ரோடு உங்க குடோன் வழியா நேராத்தானே போச்சு? குடோனைப் பாத்ததும் அதுக்கு என்ன வெக்கமோ, அப்படியே வளைஞ்சு தங்கச்சி வீட்டுப் பக்கம் வந்துருச்சு. கோவப்படாதீங்க. பிரஷர் ஏறுனா ரத்தம் நிக்காது.

அவரு போனப்புறம் எனக்குன்னு இருக்குறது இது ஒண்ணுதான். கீழ கிளினிக், மேல வீடு. இதை இடிக்க வேண்டாம்னு உங்க கால்ல விழாத குறையா கேட்டேன். அண்ணி பரிமாறிட்டு இருந்தாங்க. நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? நல்ல வீடுதாம்மா, என்ன பண்றது, வழியில இருக்கே. சொல்லிட்டு, இன்னும் ரெண்டு துண்டு மீன் வைன்னீங்க அண்ணிகிட்ட. எனக்கு அன்னைக்கு வயிறு எரிஞ்சுது அண்ணே. இன்னும் எரியுது.

உதடு தடிச்ச மாதிரி இருக்கா? நாக்கு? நல்லது. தலையை நல்லா சாச்சுக்குங்க. குறடு குடும்மா. கண்ணை மூடிக்குங்க, அழுத்துறது மட்டும் தெரியும். அய்ய, என்ன இந்தப் பிடி பிடிக்குது! உங்க பல்லாச்சே, பதவி மாதிரி விட மாட்டேங்குது. வா... வா... வந்துருச்சு. பஞ்சைக் கடிங்க.

இவ அக்காவைத்தான் போன மழையில பிரசவத்துக்குக் கதவுல படுக்க வச்சு வாய்க்கால்ல எறங்கித் தூக்கிட்டு வந்தாங்க. புள்ள தங்கல. அதுல இருந்து ரோடு வந்துரும், சார் பேசுனா வந்துரும்னு தினம் என்கிட்ட சொல்லுவா. தப்பில்லதான். உங்க கட்சியிலயே பாதிப்பேரு மிச்ச ரோட்டுக்கு வந்த பணத்தைத் தண்ணிக் குழாய்க்குக் குடுன்னு நிக்குறாங்க. நீங்க எந்திரிச்சுப் பேசினாத்தான் அவங்க மனசு மாறும். இல்லன்னா இன்னைக்கோட ரோட்டுத் திட்டத்தையே மூடிருவாங்க. பேப்பர்லயே போட்டுருக்கான்.

என்ன? தெளிவா சொல்லுங்க. ம்ஹூம், புரியல. எச்சி ஒழுகுது பாருங்க, தொடைச்சுக்குங்க.

கீழ்த் தாடையில ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல மரக்க வைக்கக் கூடாதுண்ணே. நாக்கு சொன்ன பேச்சு கேக்காது. காலேஜ்ல சேந்ததும் சொல்லிக் குடுத்துட்டாங்க. பயப்படாதீங்க, ராத்திரிக்குள்ள சரியாயிடும். நாளைக்கு எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க. எழுதி வச்சிருந்தா வேற யாராவது வாசிப்பாங்க. நீங்கதான் எழுதி வச்சுப் பேசுற ஆளே இல்லியே, மேடைக்கு மேடை அதைத்தானே பெருமையா சொல்லுவீங்க. ஓட்டுக்குக் கையைத் தூக்கலாம். ஒரு கை.

நீ ஏன்டி அங்க நின்னு அழுவுற? ஊசியை எடுத்துக் குடுத்தது நீதானே. போய் சாரோட செருப்பை எடுத்து வை.

இந்தாங்க அண்ணே, கையை நீட்டுங்க. உங்க பல்லு. திருப்பித் திருப்பி என்ன பாக்குறீங்க? சொத்தையெல்லாம் இருக்காது. ஈறுல ஒரு மீன் முள்ளு குத்தியிருந்துச்சு, அதுதான் வலி. அதை நீங்க வந்து உக்காந்ததுமே எடுத்துட்டேன்.

நல்ல பல்லுதாண்ணே. என்ன பண்றது, வழியில இருந்துச்சு.