கொலுவுக்கு வந்த ஜீப்

டெல்லி கரோல்பாக் பால் பூத் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ் மாமிகள். நவராத்திரி நாலாம் நாள் காலை. நான் என் டோக்கனையே பார்த்துக்கொண்டு நின்றேன், காது மட்டும் அங்கே.

"எங்காத்துக் கொலுவைத் தூக்கிண்டு போக அவர் ஆபீஸ்லேர்ந்து ஜீப் வந்துது, கமலா" என்றாள் மூத்தவள்.

"கொலுவையா?"

"கோபுரத்தை. கம்ப்யூட்டர்ல போட்டுட்டு வேண்டாம்னு எறிஞ்ச ஓட்டை அட்டையெல்லாம் அவர் கொண்டுவந்து குவிச்சாரே, அதுலதான் கோபுரம் கட்டினேன். உள்ளே பல்பு போட்டா ஓட்டை வழியா ஜொலிக்கறது."

"பழைய பேப்பர் வாங்கற கபாடிவாலாகூட எடுத்துக்க மாட்டேன்னானே, அந்த அட்டையா?"

"அதேதான். ஸ்கூட்டருக்குப் பதிவு பண்ணிட்டுக் காத்துண்டிருக்கறவா பேரும் விலாசமும் அந்த ஓட்டையிலதான் பதிஞ்சிருக்காம். ஹெல்மெட் கம்பெனிக்காரன் அந்தப் பட்டியலை நல்ல விலைக்குக் கேக்கறானாம். அதை ஏத்தி வெச்ச கம்ப்யூட்டர் டேப்போ கெட்டுப்போச்சு. ஆபீசரே வந்து கையைக் கூப்பிண்டு நின்னார்."

"குடுத்தேளா?"

"நன்னாருக்கு! விஜயதசமிக்கு முன்னாடி யாராவது கொலுவைக் கலைப்பாளா? இப்போ தினம் ஒரு ப்யூன் வந்து, கோபுரம் பத்திரமா இருக்கான்னு பாத்துட்டு, சுண்டல் வாங்கிண்டு போறான்."

வரிசை நகர்ந்தது. கமலா பால் தூக்கைக் கை மாற்றிக்கொண்டாள்.

"எங்காத்துக்காரர் தன் ஆபீஸ்லேர்ந்து கொண்டுவந்த அட்டையும் ரெண்டு கட்டு பரண்ல கிடக்கு, எடுத்துண்டு போங்கோன்னு போன வாரம் சொன்னேனே, மாமி..."

"ஆமா, இன்னிக்கு சாயங்காலம் வரேன்."

"வேண்டாம் மாமி. அது பரண்லயே இருக்கட்டும்."