மூணு பொட்டலம் புத்துமண்

சண்முகசுந்தரி: அந்தப் பையை இங்கன கொண்டாங்க. ஒண்ணு வைக்க மறந்துட்டேன்.

ஆவுடையப்பன்: ஏட்டி, மதுரைக்கு மூணு நாள் மாநாட்டுக்குப் போறேன். குடிபெயர்ந்தா போறேன்?

சண்முகசுந்தரி: மூணே பொட்டலம். அம்மன் கோயில் புத்துமண்ணு, நோய் தீக்குற பிரசாதம். ராத்திரி சாப்பிட்டதும் தண்ணியில கலக்கிக் குடிச்சிரணும்.

ஆவுடையப்பன்: ஓய்வூதியர் சங்கத் துணைத்தலைவரு, முன்னாள் தலைமையாசிரியரு, ‘மாத்திரையில்லா முதுமை’ன்னு முக்கால் மணி நேரம் முழங்கப்போறவன்... மண்ணைத் தின்னுக்கிட்டா?

சண்முகசுந்தரி: புத்துமண்ணுக்குப் பேர்போன சங்கரன்கோவில்காரருதானே? ரெண்டு வருசமா தின்னுட்டுத்தானே முழங்குதீய?

ஆவுடையப்பன்: அது உன் திருப்திக்கு. என்னைக் குணமாக்குனது என் மன உறுதி!

சண்முகசுந்தரி: ஆமா... பக்கத்து வீட்டு ரசூல் பாய் சுவத்துல ஓட்டை போட்டு ஒட்டுக்கேக்காருன்னு, நாலு நாள் தோசைக்கரண்டியோட காவல் இருந்தீயளே, அந்த உறுதியா?

ஆவுடையப்பன்: அதை ஏன் இப்ப...

சண்முகசுந்தரி: நான் உங்க பொண்டாட்டியே இல்ல, ஆள் மாறி வந்திருக்கேன்னு வெளிய தள்ளிக் கதவைச் சாத்துனீய. ரசூல் பாய் வீட்லதான் ஒதுங்குனேன்.

ஆவுடையப்பன்: ...தெரியும்.

சண்முகசுந்தரி: இப்ப அவருகூட தினமும் டீ குடிக்கீய. எனக்கு அது போதும். ஒரு நாள்கூட விட்டுறக் கூடாது.

ஆவுடையப்பன்: சரி, பொட்டலம் ஏன் இளைச்சிருக்கு?

சண்முகசுந்தரி: கை நடுங்குதுன்னீயல்லா... குறைக்கச் சொன்னாவ.

ஆவுடையப்பன்: யாரு, அம்மனா? கண் டாக்டருன்னு மாசாமாசம் கூட்டிட்டுப் போறியே, அந்தம்மா இதுவரைக்கும் என் கண்ணைப் பார்த்ததே இல்லையே சுந்தரி.

சண்முகசுந்தரி: ...மனசு டாக்டருங்க. அவங்க உங்ககிட்ட சொல்லித்தான் குடுக்கச் சொன்னாங்க. எனக்குத்தான் பயம். மாத்திரையைப் பொடிச்சு மண்ணுல கலந்துட்டேன்.

ஆவுடையப்பன்: மண்ணை சாமி படத்துகிட்ட வையி. மாத்திரையை அட்டையோட குடு. பேச்சுத் தலைப்பையும் நேத்தே அடிச்சு மாத்திட்டேன்; முன்ன சொன்னது உன் வாயைக் கிளறத்தான்.

சண்முகசுந்தரி: எப்பத் தெரியும் உங்களுக்கு?

ஆவுடையப்பன்: முதல் நாளே. அம்மன் மண்ணு கசக்குமா, ஏட்டி?

சண்முகசுந்தரி: பிறகு ஏன் ரெண்டு வருசமா வாயத் திறக்கல?

ஆவுடையப்பன்: திறந்தா, ‘மாத்திரையைத் தொடமாட்டேன்’னு ஊரெல்லாம் சொன்ன வாத்தியாரு துப்பணும்லா... துப்புனா நீ மறுபடியும் ரசூல் பாய் வீட்டு வாசல்ல போய் நிக்கணும்லா?