கீல் வைக்காத சன்னல் கம்பி

1927 அக்டோபர் 20, வியாழக்கிழமை. மேகமற்ற வானம், கிழக்கு மலைகளிலிருந்து வறண்ட அனல்காற்று, நிழலிலும் தொண்ணூற்றாறு டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம். அன்று காலையில் நான் இரண்டு அவித்த முட்டைகளும் ஓர் ஆரஞ்சுப் பழமும் உண்டேன். உணவில் ஒழுங்கு இருந்தால் வேலையிலும் ஒழுங்கு இருக்கும் என்பது என் நம்பிக்கை.

அதிகாரி அவர்களே, உங்கள் மேசைமீதுள்ள, சன்னல் கம்பிக்குக் கீல் வைக்க அனுமதி மறுத்த தாளில் இருக்கும் கையொப்பம் என்னுடையதே. மெரில் ஆஷ்பி, தலைமைக் கட்டடக் கலைஞர், சான் எல்மோ நகரம். அத்தாளை என் கவனக்குறைவுக்குச் சான்றாக நீங்கள் கருதுகிறீர்கள். அந்த ஒரு தவறைத் திருத்துவதற்காகவே மீண்டும் பேச முன்வந்தேன். என் தொழில் வாழ்வில் நான் எதையும் கவனக்குறைவாகச் செய்ததில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இங்கே முட்புதர்களும் முயல்களும் மட்டுமே இருந்தன. நிலத்தை வாங்கிய நிறுவனம், கலிபோர்னியக் கடற்கரையில் ஒரு மத்தியதரைக் கடல் ஊரை என்னிடம் கேட்டது. வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, வளைவு வாயில், சன்னலுக்கு வெளியே புடைத்து நிற்கும் இரும்புக் கம்பிச் சட்டம். மனை வாங்கிய ஒவ்வொருவரும் பத்திரத்திலேயே இவற்றுக்கு உடன்பட்டுக் கையெழுத்திட்டனர். கதவின் நிறத்தை மாற்றுவதற்கும் எங்கள் குழுவின் முத்திரை வேண்டும். ஊரார் அக்குழுவை ‘அழகுக் கமிட்டி’ என்றனர். அதில் கேலி இருந்ததை நான் அறிவேன். ஆயினும் பெயர் பொருத்தமானதே.

பத்திரத்தில் கையெழுத்திடாதவர் ஒருவரே. ஆன்டர்ஸ் எக்லுண்ட், எழுபது வயதான முன்னாள் கப்பலோட்டி. முழங்கால் கெட்டுப்போனதால் கைத்தடியின்றி நடக்க இயலாதவர். நிறுவனம் வருவதற்கு முன்பே, மரத்துண்டுகள் வேய்ந்த பச்சைக் கூரையுடன் ஒரு மரவீட்டைத் தம் கையாலேயே கட்டியிருந்தார். அவர் எப்படியும் விற்றுவிடுவார் என்று நிறுவனம் உறுதியளித்தது. அதை நம்பிப் பிரதான வீதியை அவ்வீட்டை நோக்கி நேராக வரைந்தேன். அங்கே ஒரு நீரூற்று அமைய வேண்டியிருந்தது. அவர் விற்கவில்லை. வீதியோ போட்டு முடிந்துவிட்டது. சதுக்கத்தில் எங்கு நின்று பார்த்தாலும், இரு வரிசை வெள்ளைச் சுவர்களின் முடிவில் அந்தப் பச்சைக் கூரை தெரியும். மூன்று ஆண்டுகள் அதைப் பார்த்தேன்.

சென்ற வசந்தத்தில் அவருடைய கிணறு உப்பாகிவிட்டது. சுவருக்கு வெள்ளை அடித்து, சன்னல்களுக்குக் கம்பிச் சட்டம் பொருத்தினால் நகரக் குழாயிலிருந்து தண்ணீர் தருவதாகச் சொன்னோம். அவர் இரண்டையும் செய்தார். பிறகு ஜூன் மாதக் கூட்டத்திற்கு வந்து, என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“வெள்ளை அடிச்சாச்சு, கம்பியும் மாட்டியாச்சு. வீடு ஜெயிலு மாதிரி இருக்கு, பரவாயில்ல, குழாயில தண்ணி வருது. படுக்கையறைக் கம்பிக்கு மட்டும் ஒரு கீல் வெச்சுக்கிறேன் தம்பி. தீ கீ பிடிச்சா இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எங்க ஓடுறது?”

“கீல் வெச்சா கம்பியோட நிழல் சுவர்ல ஒழுங்கா விழாது ஐயா. மத்தியதரைக் கடல் ஊர்கள்ல அந்த வழக்கம் கிடையாது.”

“நீங்க எந்த ஊர்ல பாத்தீங்க?”

“ஸ்பெயின்ல, மலாகாவுல.”

“அட, நான் அங்க நாலு மாசம் கெடந்தவன்யா. நீங்க எந்தத் தெருவுல தங்குனீங்க?”

நான் அடுத்த விண்ணப்பத்தைக் கையில் எடுத்தேன். மலாகாவில் நான் இருந்தது ஐந்து நாட்கள். வயிற்றுப்போக்கினால் விடுதி அறையை விட்டு வெளியேறவே இல்லை. ஊரைப் பணியாள் வாங்கி வந்த அஞ்சலட்டைப் படங்களில்தான் கண்டேன்.

“அங்க கம்பி போடுறது திருடனுக்குப் பயந்து. படுக்கையறையில கீல் இல்லாத கம்பிய நான் பாத்ததே இல்ல. போஸ்ட் கார்டுல கீல் தெரியாது தம்பி.”

குழுவினர் அனைவரும் சிரித்தனர். நிறுவனத் தலைவரின் மனைவி திருமதி டெலாப்ளேன் கைக்குட்டையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அதனால் எனக்கு எவ்வித மனவருத்தமும் ஏற்படவில்லை. மறுநாள் காலையில் மறுப்பு முத்திரையை இட்டேன். பின்னர் கொல்லரை அனுப்பி, அச்சட்டத்தின் நான்கு கால்களையும் சிமெண்டில் பதிக்கச் செய்து, நேரில் சென்று அசைத்துப் பார்த்தேன்.

அக்டோபர் தொடக்கத்தில் வீதியோர யூகலிப்டஸ் மரங்களின் கிளைகளைக் கழிக்க உத்தரவிட்டேன். அவற்றை எக்லுண்ட் வீட்டின் கிழக்குச் சுவரையொட்டி அடுக்கச் சொன்னவனும் நானே. அவ்விலைகளில் எண்ணெய் உண்டு; இரண்டு வாரத்தில் நன்கு உலர்ந்துவிடும். அனல்காற்று எப்போதும் கிழக்கிலிருந்தே வரும். மற்ற வீடுகளுக்கு ஓடு இருந்தமையால் அவற்றுக்கு ஆபத்தில்லை. எந்த வரைபடத்தையும் நான் இவ்வளவு பொறுப்புடன் சரிபார்த்ததில்லை.

வியாழக்கிழமைகளில் அவர் மீன் பிடிக்கப் படகுத்துறைக்குச் செல்வார் என்றும், வீடு காலியாக இருந்ததென எண்ணினேன் என்றும் முதல் வாக்குமூலத்தில் கூறியிருந்தேன். அக்கூற்று முழுமையானது அன்று. அனல்காற்று வீசும் நாளில் இவ்வூரில் யாரும் தூண்டிலைத் தொடுவதில்லை. தவிரவும், இரண்டு மணியளவில் நான் அவ்வழியே சென்றபோது அவர் முன்வாசலில் நின்றிருந்தார்.

“என்ன ஆஷ்பி தம்பி, இந்த வெயில்ல எங்க சுத்துறீங்க? உள்ள வாங்க, எலுமிச்சைத் தண்ணி இருக்கு.”

“வேலை இருக்கு ஐயா.”

“உங்களுக்கு எப்பத்தான் வேலை இல்ல. சரி, நான் போய் ஒரு தூக்கம் போடுறேன். என் கூரைய அப்படி முறைக்காதீங்க, உங்க கண்ணுதான் கெடும்.”

அவர் உள்ளே சென்றார். கைத்தடியின் ஒலி படுக்கையறையில் நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு வீட்டைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் சென்றேன். ஒரு தீக்குச்சியே போதுமானதாக இருந்தது.

நடைவழியில் தீ பரவிய பின்னரே அவர் விழித்தார். படுக்கையறைச் சன்னல் மேற்கு நோக்கியது. தீ இன்னும் எட்டாத அப்பக்கத்தில், வெளியே நான் சிறிது நேரம் நிற்க இயன்றது. இரு கைகளாலும் கம்பியைப் பற்றி உலுக்கினார். சிமெண்ட் நன்கு இறுகியிருந்தது.

“தம்பி, இழுங்க. அந்தப் பக்கத்துலேருந்து இழுங்க தம்பி.”

அவர்மீது எனக்குத் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை, அதிகாரி அவர்களே. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்தவை அனைத்தும் நகரின் ஒருமைக்காகவே. பார்வையை மறைத்த ஒரு பொருள் அகற்றப்பட்டது, அவ்வளவுதான். சன்னலை நெருங்கிச் சென்று, அவருக்குக் கேட்கும்படி ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்.

“ஆஸ்தீனித் தெருவுல தங்குனேன் ஐயா.”

அப்படி ஒரு தெரு அங்கே உண்டா என்பதை நான் அறியேன். அவர் மறுத்து எதுவும் கூறவில்லை. அவருடைய விரல்கள் கம்பியை விட்டபோது, சதுக்கத்தில் நான் எழுப்பிய கோபுரத்தின் கடிகாரத்தில் மணி இரண்டு நாற்பத்தேழு.