இரண்டாவது பிஸ்டன்

டிரம்பெட் பிஸ்டனுக்குத் தேங்காய் எண்ணெய் விடக் கூடாது, சார். காஞ்சிபுரத்தில் பாதிப் பேண்டு செட்டுகள் அதைத்தான் விடுகின்றன. மார்கழிப் பனியில் எண்ணெய் உறைந்து, அமுக்கிய பிஸ்டன் மேலே எழும்பாது. அப்புறம் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

என் பட்டறை பிள்ளையார்பாளையத்தில். லோகேஸ்வரன் என்றால் யாருக்கும் தெரியாது. பேண்டு ரிப்பேர் லோகு என்று கேட்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினாறு வருடம் லேத் ஓட்டியவன். தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் அங்கே பொருளைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

டிரம்பெட்டில் மூன்று பிஸ்டன்கள் உண்டு. ஒவ்வொன்றின் வயிற்றிலும் சின்னச் சின்ன வழிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். இடம் போதாமல் ஒரு வழி இன்னொன்றை இடிக்கும். இடித்த இடத்தில் உள்ளே ஒரு புடைப்பு. ஊதுகிறவனின் மூச்சு அந்தப் புடைப்பில் முட்டித்தான் வெளியே வர வேண்டும். சாவு ஊர்வலத்தில் வெயிலில் ஊதிக்கொண்டு நடப்பவர்களின் கழுத்து நரம்பைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்குப் பார்க்கச் சகிக்காது. நான்கு வருடம் உட்கார்ந்து அந்தப் புடைப்பை எடுத்தேன். பிஸ்டனைச் சற்றுப் பருமனாக்கி, வளைவுகளைத் தளர்த்தி, வழி முழுக்க ஒரே வட்டமாக்கினேன். காற்று தண்ணீர் மாதிரி ஓடியது.

அந்தப் பிஸ்டன்கள் போட்ட புதிய டிரம்பெட்டை உதயகுமாரிடம் கொடுத்தேன். இந்த மாவட்டத்தில் அவனுக்கு மேல் டிரம்பெட் ஊத ஆள் இல்லை. அவன் எதை ஊதுகிறானோ அதைத்தான் மற்ற செட்டுக்காரர்களும் கேட்பார்கள். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, டீக்கடையில் நாலு பேர் முன்னால் திருப்பிக் கொடுத்தான்.

"சூப்பரா பண்ணிக்கிறணா. ஆனா எனக்கு வேணாம்."

"ஏம்பா?"

"காத்து கொஞ்சம் முட்டணும்ணா. முட்டுனாதான் அதும்மேல சாஞ்சிக்கினு ஊதலாம். இது தொறந்த கதவு மாரி இருக்குது. வுழுந்துடுவேனோன்னு பயமா இருக்குது."

சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினான். அதே மாதிரி வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்த மூன்று பேரும் மறுநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். காற்று முட்டுவது என்றால் என்னவென்று அவனுக்கு உண்மையில் தெரியவில்லை. தெரிந்தால் என் பிஸ்டனை அவனே கேட்பான்.

தை மாதம் அவன் டிரம்பெட் சுத்தம் செய்ய வந்தது. இரண்டாவது பிஸ்டனில் காற்று நேராகப் போகும் வழிக்குள் ஒரு மிளகளவு ஈயம் வைத்தேன். மழமழவென்று தேய்த்துவிட்டேன். மாசியில் இன்னொரு மிளகளவு. கையில் எடுத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது.

மாசிக் கடைசியில் டிரம்பெட்டோடு வந்து கேட்டான்; எங்கள் பேச்சில் அது பீசு. "லோகுணா, பீசுல ஏதாச்சும் அடச்சிக்கினு இருக்குதா பாரேன். மூச்சு எட்டல."

கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "பீசுல ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

பதினெட்டு வருடமாக அவன் டிரம்பெட்டைத் தொட்டவன் நான் ஒருவன்தான். நான் சொன்னால் அவனுக்குச் சந்தேகம் வராது. அப்போது அவன் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான். அவன் அப்பா நெஞ்சு நோயில்தான் போனார்.

நாலு நாள் கழித்து அவன் மனைவி கலையரசி பட்டறைக்கு வந்தாள். "எக்ஸ்ரே எடுத்தோம்ணா, ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. அவரு நம்ப மாட்டேன்றாரு. படுத்தா நெஞ்சத் தடவிக்கினே இருக்காரு. நீங்க சொன்னா கேப்பாரு. ஊதறத வுட்டுடச் சொல்லுங்கணா."

"உடறதுக்கு இன்னாம்மா அவசரம்? என் பிஸ்டனப் போட்டு ஊதச் சொல்லு. லேசா இருக்கும்" என்றேன்.

சொல்லியிருக்கிறாள். நெஞ்சு போனவன் லேசான பீசைத் தூக்கினால் ஊர் சிரிக்கும் என்று சொல்லிவிட்டானாம். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. பங்குனியில் எண்ணெய் விட வந்தபோது மூன்றாவது தரமும் வைத்தேன். வழியில் பாதி அடைந்தது.

பங்குனி உத்திரத்தன்று சாமி ஊர்வலத்தில் காலை பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. புதிய டிரம்பெட்டைப் பையில் போட்டுக்கொண்டு நானும் அவன் பக்கத்திலேயே நடந்தேன். அவனுக்குக் கழுத்து புடைத்தது. உதடு கறுத்தது. இரண்டு தரம் நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டாவது தரம் என்னைப் பார்த்தான். நான் பையின் ஜிப்பில் கை வைத்தேன். அவன் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் பிஸ்டனைப் பற்றி அவன் கடைசிவரை தெரிந்துகொண்டிருக்க மாட்டான்.

வடக்கு ராஜ வீதி திரும்பும் முன் விழுந்தான். மூக்கில் ரத்தம். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, ரொம்ப அழுத்தி ஊதியிருக்கிறார் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் அவன் உடலை எடுத்துக்கொண்டு போகும்போது, அவன் செட்டில் கூட ஊதும் விக்னேஷ், அண்ணன் டிரம்பெட்டைத்தான் ஊதுவேன் என்று அடம்பிடித்தான். பத்து அடி போவதற்குள் திரும்பினான். "இன்னாணா இது? காத்து உள்ள போவவே மாட்டேன்துது."

பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். சுடுகாடு வரைக்கும் ஓர் இடத்தில்கூட அவன் நிறுத்தவில்லை. போய்ச் சேர்ந்ததும், "மூச்சே வாங்கலணா" என்றான். நான் அழுதுவிட்டேன். உதயாவுக்காக அழுகிறேன் என்று பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

விக்னேஷ் சும்மா இருக்கவில்லை. அந்தப் பழைய பீசைச் சென்னையில் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்திருக்கிறான். அதனால்தான் நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். ரிப்பேர் செய்தபோது கவனக்குறைவால் ஈயம் உள்ளே ஒழுகியிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள், சார். என் கையில் ஈயம் ஒழுகாது. மூன்று தரமும் அளந்து, தெரிந்தேதான் வைத்தேன். அவன் சாக வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நடுத்தெருவிலேயே புதியதை எடுத்துக் கையில் கொடுத்திருப்பேன். அவன் கேட்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.